பேரும் பெயரும்: மலையகத்தின் சொல்மாற்ற விவாதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதி தராத ஒரு பொருளுண்டு. ஒரு நாள் வேலை செக்ரோலிற் பதியப்படுவதே பேர். நிர்ணயித்த அளவுக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. அதாவது அரைநாட் சம்பளம். பெயரும் ஊதியமும் ஒரே சொல்லுள் அடங்கும் இம்மண்ணில், ஒரு மக்கட் கூட்டத்தை என்ன பெயரால் அழைப்பது என்ற வினா வெறும் மரியாதைப் பிரச்சினையாக ஒருபோதும் இருந்ததில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வினா எதிர்பாராத ஒரு துறையில் எழுந்தது. பலர் கூடிப் பொதுவில் வளர்க்கும் கணினி மென்பொருள்களில், ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் பகுதிகளுக்கு 'எஜமான்', 'அடிமை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் நெடுங்காலம் வழங்கின. பைதன் 2018இலும் லினக்ஸ் கருநிரல் 2020இலும் அவற்றைக் கைவிட முற்பட்டன. சொல்லை மாற்றினால் ஒடுக்குமுறை மாறுமா என்று ஒரு சாராரும், ஒடுக்குமுறையின் சொல்லை ஏன் சுமக்கவேண்டும் என்று மறுசாராரும் வாதிட்டனர். இரு தரப்பும் சொல்லையும் பொருளியல் வாழ்வையும் வெவ்வேறாகப் பிரித்தே பேசின. அப்பிரிப்பு எத்துணை பொருந்தாதது என்பதை மலையக வரலாறு காட்டும்.

'கூலி' என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் சொல்லின் மூலம் குறித்துக் கருத்து வேறுபாடுண்டு. தமிழிலோ கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம், ஆளன்று. திருக்குறளிலும் அச்சொல் அப்பொருளிலேயே வருகிறது. பெருந்தோட்ட முதலாளித்துவம் ஊதியத்தின் பெயரை உழைப்பவன்மீது ஒட்டியது. மனிதன் தன் உழைப்புச் சக்தியின் விலையாகச் சுருக்கப்படுவதை இதைவிடத் துலக்கமாக எந்த மொழியும் காட்டியதில்லை எனலாம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டப் பதிவேட்டில் பெயருள்ளோரை 'இந்தியக் கூலிகள்' என்றே குறித்தது.

இச்சொல்லுக்கு எதிரான அறைகூவல்களில் ஒன்று தொழிற்சங்கத்திலிருந்து வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம், 'தொழிலாளர்' என்பதைத் தன் பெயரிலேயே பொறித்தது. அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டாகவும் துண்டுப்பிரசுரமாகவும் அதனைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றனர். ஆயின் அதே பெயரில் 'இந்திய' என்பதும் நின்றது. அன்று அது பாதுகாப்பு. பின்னர் அதுவே பொறி.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என வகுத்தது. கணக்கெடுப்போரின் வசதிக்கான வகைப்பாடு போலத் தோன்றிய இது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர் வாழ்வுரிமையைத் தீர்மானிக்கும் கோடாயிற்று. தந்தையின் அல்லது பாட்டனாரின் பிறப்பை நிரூபிக்கும் பத்திரம் லயத்துக் காம்பிராவில் யாரிடம் இருந்தது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1952இல் ஓர் ஆசனமும் இல்லை. 1950களில் அவ்வமைப்பு 'இந்திய' என்பதை உதறி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸாயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ அப்பெயர்மாற்றத்தைப் பொருட்படுத்தாது, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது.

'மலையகம்' என்ற சொல் இச்சூழலில்தான் முனைப்புப் பெற்றது. அறுபதுகளின் படித்த இளைஞரும் ஆசிரியரும் எழுத்தாளரும் அதனைத் தம் அடையாளமாக முன்வைத்தனர். வந்த இடத்தைச் சுட்டும் பெயருக்குப் பதிலாக வாழும் நிலத்தைச் சுட்டும் பெயர்; ஆகவே அது ஒரு நிலக் கோரிக்கை. வடபுலத்து நடுத்தர வர்க்கம் கூசாது வழங்கிய 'தோட்டக்காட்டான்' என்பதற்கும் அதுவே மறுமொழி.

இடதுசாரிகளில் ஒரு பகுதியினர், தொழிலாளி என்ற வர்க்கப் பெயரை இனப்பெயர் விழுங்கிவிடும் என அஞ்சினர். அவ்வச்சத்தை நான் முற்றாகத் தள்ளமாட்டேன். மலையகத் தமிழர் என்ற ஒற்றைப் பெயரின் கீழ் கொழுந்து பறிப்பவளும் பெரிய கங்காணியின் பேரனும் ஒன்றாக நிற்கின்றனர்; சாதி பற்றி அப்பெயர் வாய்திறப்பதில்லை. கலவரங்களால் இடம்பெயர்ந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியோரை அப்பெயர் எங்ஙனம் உள்ளடக்கும் என்பதும் தீராத வினா. எனினும் குடியுரிமையற்ற தொழிலாளிக்கு வர்க்கப் போராட்டமும் முழுமையாகக் கைகூடவில்லை என்பதை அவ்விமர்சகர் மறந்தனர். நாடற்றவன் என்ற நிலையே அவனது உழைப்பை மலிவாக்கிற்று.

நாடற்றோர் பிரச்சினையை முடித்துவைத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் தன் தலைப்பில் 'இந்திய வம்சாவளியினர்' என்றே கூறுகிறது. 2012 குடிசன மதிப்பில் 8,39,504 பேர் 'இந்தியத் தமிழர்'. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை 2023இல் நடந்த 200ஆம் ஆண்டு நினைவு நடைபயணத்தில் மலையகம் என்ற பெயரே ஒலித்தது. 2024 மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்பதனருகே 'மலையகத் தமிழர்' என்பதும் இடம்பெற்றது. பழையது நீங்கவில்லை, புதியது பக்கத்தில் வந்து அமர்ந்தது.

செக்ரோலில் அரைப்பேர் இன்னும் உண்டு.