எதிர்மறைக் கலோரி உணவு

எதிர்மறைக் கலோரி உணவு என்பது, தான் தரும் ஆற்றலைவிடக் கூடுதலான ஆற்றலைச் செரிமானத்தில் செலவழிக்கச் செய்வதாக நம்பப்படும் உணவைக் குறிக்கும். செலரி, வெள்ளரிக்காய் முதலியன எடுத்துக்காட்டுகளாகக் கூறப்படுகின்றன. எனினும் இத்தகைய உணவு இருப்பதற்கு அறிவியல் சான்று இல்லை.

உணவின் வெப்ப விளைவு

உணவைச் செரித்து, உறிஞ்சி, சேமிக்க உடல் செலவிடும் ஆற்றல் உணவின் வெப்ப விளைவு எனப்படும். உணவு தரும் ஆற்றலில் இது கொழுப்பிற்கு 0–3%, மாவுச்சத்திற்கு 5–10%, புரதத்திற்கு 20–30% ஆகும். 100 கிராம் வெள்ளரிக்காய் ஏறத்தாழ 15 கிலோகலோரி தருகிறது. அதில் ஒரு சிறு பகுதியே செரிமானத்திற்குச் செலவாகிறது.

கடற்பாசி

ஆற்றல் மிகக் குறைந்த உணவுகளுள் ஒன்று அகர் அகர். வ. உ. சி. துறைமுகம் அமைந்துள்ள தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள மன்னார் வளைகுடாப் பகுதியில் சேகரிக்கப்படும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இது எடுக்கப்படுகிறது. தமிழ் முஸ்லிம்கள் நோன்பு துறக்கும்போது உண்ணும், அகரால் செய்த இனிப்பும் கடற்பாசி என்றே அழைக்கப்படுகிறது. அகர் பெரும்பாலும் மனிதக் குடலில் செரிக்காத நார்ப்பொருளாகும். எனவே அது ஆற்றலைக் குறைவாகத் தருகிறதேயன்றி, உடலில் உள்ள ஆற்றலை எரிப்பதில்லை. ஒரு லிட்டர் நீரை உறையச் செய்ய ஏறத்தாழ 10 கிராம் அகர் போதும்; ஆனால் அதில் 100 கிராம் சர்க்கரை சேர்த்தால் ஏறத்தாழ 400 கிலோகலோரி கூடிவிடும்.

உடல் எடை

இவ்வுணவுகள் வயிற்றை நிரப்பிப் பிற உணவின் அளவைக் குறைப்பதால் எடை குறைய உதவலாம். இவற்றை மட்டுமே உண்டால் புரதமும் கொழுப்பும் போதாமல் ஊட்டக்குறை ஏற்படும்.