நட்டால் பறவையியல் கழகம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், வில்லியம் புரூஸ்டரும் அவருடைய நண்பர்களும் கூடிப் பறவை நூல்களைப் படித்து விவாதித்துவந்த பழக்கமே, 1873இல் இயற்கையியலாளர் தாமஸ் நட்டாலின் பெயர் தாங்கிய கழகமாக உருப்பெற்றது. வட அமெரிக்காவின் முதல் பறவையியல் அமைப்பு இதுவே. அக்காலத்தில் பறவையை அறிவதென்பது பெரும்பாலும் அதைச் சுட்டு, தோலை உரித்துப் பதப்படுத்தி, கிடைத்த இடமும் நாளும் எழுதிய சீட்டுடன் பேழையில் சேர்ப்பதாகவே இருந்தது. நல்ல இருகண் நோக்கிகள் பரவாத நிலையில் ஐயமற இனங்காண வேறு வழி அரிது என்பதால், அதைக் கொடுமை என்று மட்டும் ஒதுக்குவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கழகம் 1876இல் தொடங்கிய இதழ், 1883இல் தோன்றிய அமெரிக்கப் பறவையியலாளர் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டு, கடற்பறவை ஒன்றின் பெயரைச் சூடி 1884 முதல் 'தி ஆக்' என வெளிவந்தது. இத்தனை முன்னோடியான கழகம் மகளிரை உறுப்பினராக ஏற்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.