பித்தளை வட்டும் வான்போரும்

பறத்தலின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிறகைப் பற்றி விரிவாக எழுதுவர். எஞ்சினைப் பற்றியும் ஓரளவு எழுதுவர். அந்த எஞ்சினுக்குத் துளித்துளியாக உணவூட்டிய கருவியைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் 1940ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் தென்கரைக்கு மேலே, இருபது வயதைக் கடந்தும் கடவாத பல இளைஞர்களின் உயிர் அக்கருவியின் ஒரு குறைபாட்டைச் சார்ந்திருந்தது. அக்குறையைக் கைவிரலுக்குள் அடங்கும் ஒரு பித்தளைத் துண்டினால் தணித்தவர் ஒரு பெண் பொறியாளர். அவருடைய பெயரை உலகம் நெடுங்காலம் ஒரு வேடிக்கைச் சொல்லாகவே நினைவில் வைத்திருந்தது.

கருவியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பெட்ரோல் நீர்மமாக இருக்கும்வரை எஞ்சினுக்குப் பயன்படாது. எடையளவில் ஏறத்தாழ பதினைந்து பங்கு காற்றுடன் ஒரு பங்கு பெட்ரோல் ஆவியாகக் கலந்தால்தான் அது முறையாக எரியும். காற்று மிகுந்தால் எஞ்சின் பசித்து நிற்கும். பெட்ரோல் மிகுந்தால் மூழ்கி நிற்கும். இக்கலவையை ஆக்கித் தருவதே கார்புரேட்டரின் பணி. அகன்ற ஆறு இரு பாறைகளுக்கிடையே நெருங்கி ஓடும்போது விரைவு கொள்வதைப் போலக் காற்றும் குறுகிய கழுத்தில் விரைந்து ஓடும். விரையும்போது அதன் அழுத்தம் குறையும். இவ்வுண்மையை இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி 1797இல் நூலாக எழுதினார். அக்கழுத்தில் ஒரு நுண்குழாயைப் பொருத்தினால், அழுத்தம் குறைந்த காற்று பெட்ரோலைத் தானே உறிஞ்சித் தூவிக்கொள்ளும். குழாய்க்குப் பின்னால் ஒரு சிறு கிண்ணம்; அதில் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் தாழ்ந்தால் மிதவை தாழ்ந்து ஊசி வால்வைத் திறக்கும். மட்டம் உயர்ந்தால் மூடும். மேல்நிலைத் தொட்டியில் நீர் நிரம்பியதும் குழாயை அடைக்கும் மிதவைப் பந்தைக் கண்டவர்க்கு இதில் புதிதாக விளங்கவேண்டியது ஒன்றுமில்லை. 1893ஐ ஒட்டி ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோன்கா என்னும் இருவரும் இத்தகைய தெளிப்புக் கார்புரேட்டரை உருவாக்கினர்.

வியப்பு என்னவெனில், வானூர்தியின் பிறப்பு இக்கருவியின் துணையின்றியே நிகழ்ந்தது. 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணல்வெளியில் ரைட் சகோதரர்களின் ஊர்தியை உயர்த்திய எஞ்சினை, சார்லி டெய்லர் என்ற பட்டறைத் தொழிலாளி ஆறு வாரங்களில் கட்டி முடித்திருந்தார். அதில் இன்று நாம் அறிந்த கார்புரேட்டர் இல்லை. மேலிருந்த சிறு கலத்திலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கி, சூடேறிய ஒரு தட்டையான அறையின்மீது வழிந்து ஆவியாகிக் காற்றோடு கலந்தது. சுமார் 12 குதிரைத்திறன். முதற் பறப்பு 12 விநாடி. அவ்வளவுக்கு அதுவே போதுமானதாயிற்று.

அடுத்து வந்த பிரெஞ்சுக்காரர் லெவவாசர், தம் ஆன்ட்வானெட் எஞ்சினில் சிறு பம்பு ஒன்றின் வழியாக ஒவ்வொரு சிலிண்டரின் நுழைவாயிலுக்கும் பெட்ரோலை அளந்து செலுத்தினார். சாந்தோஸ்-துமோன் 1906இல் பாரிசில் பறந்தது இவ்வெஞ்சினைக் கொண்டே. ஆக, எரிபொருளை உட்செலுத்தும் முறையைப் பிற்காலப் புதுமை என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆனால் அக்கால உலோக வேலைக்கு அத்துணை நுண்மை கைவரவில்லை. 1909 ஜூலை 19 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்ற லேதமின் ஆன்ட்வானெட் நடுவழியில் எஞ்சின் நின்று கடலில் இறங்கியது. மீட்புக் கப்பல் வரும்வரை அவர் மிதக்கும் ஊர்தியில் அமர்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார் என்பர். ஆறு நாட்களுக்குப் பின் 25 குதிரைத்திறன் கொண்ட எளிய அன்சானி எஞ்சினுடன் ப்ளேரியோ கடந்து சென்றார். அதில் இருந்தது கார்புரேட்டர். லேதமின் தோல்விக்கு உட்செலுத்தும் முறைதான் காரணம் என்று கொள்ள இடமில்லை. எனினும் எளியது வென்றது என்னும் எண்ணம் நிலைபெற்றது. அடுத்த கால் நூற்றாண்டு கார்புரேட்டரின் காலமாயிற்று.

இந்நிலையை மாற்றியது டீசல் எஞ்சின். ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் டீசல் எஞ்சின்களுக்கான நுண்பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. ஜெர்மானியப் பொறியாளர்கள் அக்கைத்திறனைப் பெட்ரோல் எஞ்சினுக்குத் திருப்பினர். மெஸ்ஸெர்ஷ்மிட் 109 போர் விமானத்தின் பிற்கால வகைகளில் அமர்ந்த டெய்ம்லர்-பென்ஸ் 601 எஞ்சினில் கார்புரேட்டரே இல்லை. பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பெட்ரோலை நேராகப் பீய்ச்சியது. விமானம் நிமிர்ந்தாலும் கவிழ்ந்தாலும் பம்பிற்கு வேறுபாடு தெரியாது.

இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் மிதவைக் கார்புரேட்டரை விடாது வைத்திருந்தது. இதனை ஆங்கிலேயரின் பழமைப்பற்று என்று எள்ளுவது எளிது. அது நேர்மையான தீர்ப்பாகாது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. மெர்லினில் காற்று மிகையூட்டும் சுழலியை அடையுமுன்பே பெட்ரோல் அதனோடு கலந்துவிடுவதால் காற்று சுமார் 25 பாகை செல்சியஸ் குளிர்ந்தது. குளிர்ந்த காற்று செறிவானது. செறிவான காற்று மிகுந்த ஆற்றலைத் தந்தது. அந்நிறுவனத்தின் கணித வல்லுநர் ஸ்டான்லி ஹூக்கர் இக்காரணத்தைக் காட்டிக் கார்புரேட்டரை உறுதியாக ஆதரித்தார். 27 லிட்டர் மெர்லின், 33.9 லிட்டர் ஜெர்மானிய எஞ்சினுக்கு ஈடுகொடுத்ததில் இக்குளிர்ச்சிக்கும் பங்குண்டு. ஆற்றல் வேண்டி அறிந்தே செய்த தேர்வு அது. அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் வரைபட மேசைக்கு முன் அமர்ந்தவர்கள் அல்லர்.

அவ்விலை இதுதான். விமானி கோலை முன்தள்ளி விமானத்தின் மூக்கைச் சடுதியில் தாழ்த்தினால், ஒரு கணம் எல்லாப் பொருள்களும் மேல்நோக்கி எறியப்படுகின்றன. கிண்ணத்துப் பெட்ரோல் மேல்மூடியில் ஒட்டிக்கொள்ள, அடியிலுள்ள நுண்குழாய்கள் வறண்டு எஞ்சின் முதலில் விக்குகிறது. கேடு அத்துடன் நிற்பதில்லை. பெட்ரோல் மேலே போனதும் மிதவை கீழே தள்ளப்படுகிறது. கிண்ணம் காலியென்று எண்ணி ஊசி வால்வு முழுதும் திறக்கிறது. பம்பு முழுவிசையுடன் உள்ளே பாய்ச்ச, எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிக் கரும்புகை கக்கி நிற்கிறது.

துரத்தப்படும் ஜெர்மானிய விமானி இதனை அறிந்திருந்தான். கோலை முன்தள்ளித் தலைகுப்புறப் பாய்வான். துரத்துபவன் அவ்வாறே பாய்ந்தால் எஞ்சின் அடங்கும். பின்தொடர ஒரே வழி, விமானத்தை முதலில் மல்லாக்கப் புரட்டி, பிறகு கோலை இழுத்துப் பாய்வது. அப்போது எடை இருக்கைப் பக்கமே அழுந்துவதால் மிதவை குழம்பாது. ஆனால் புரள்வதற்குள் எதிரி எட்டிவிடுவான். தப்பவேண்டியவன் ஆங்கிலேயனாக இருந்தால் நிலைமை இன்னும் கொடிது. 1940 மே மாதம், பிரெஞ்சுக்காரர் கைப்பற்றித் தந்த ஒரு மெஸ்ஸெர்ஷ்மிட்டை ஆங்கிலேயர் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஓட்டிப் பார்த்தனர். இவ்வேறுபாடு அங்கே ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று.

அந்நிலையத்தின் கார்புரேட்டர் பிரிவில் பணியாற்றியவர் பியட்ரிஸ் ஷில்லிங். 1909இல் ஹாம்ப்ஷயரில் பிறந்தவர்; பெண்களை மின்தொழிலில் பழக்கிய மார்கரெட் பார்ட்ரிட்ஜிடம் இளமையில் கம்பி இழுக்கும் வேலை கற்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். 1934இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் பெற்றவர். 1936இல் ஃபார்ன்பரோவில் அவருக்கு முதலில் கிடைத்தது எஞ்சின் கையேடு எழுதும் பணி. எழுத்துப்பணியிலிருந்து எஞ்சினுக்கு அருகில் வரத் தாமே வழிதேடிக்கொண்டார்.

அவர் கண்ட தீர்வு, கார்புரேட்டரைத் திருத்த முற்படவில்லை. எஞ்சின் முழுவிசையில் ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அதற்கு மேல் ஒரு துளியும் போகாதபடி எரிபொருள் குழாயில் ஒரு துளையிட்ட பித்தளைத் துண்டு. முதலில் விரற்கூடு போன்ற வடிவம். பின்னர் வெறும் தட்டை வட்டு. மிதவை எவ்வளவு குழம்பினாலும் எஞ்சின் மூழ்காது. முதல் விக்கல் இதனால் தீரவில்லை. நெடுநேரம் மல்லாந்து பறக்கவும் இயலாது. ஆனால் கொல்லும் கேடு இரண்டாவதுதான்; அதை வட்டு தடுத்தது. விமானத்தைப் பணியிலிருந்து நீக்காமலே பொருத்த முடிந்தது இதன் பெருஞ்சிறப்பு. 1941இன் தொடக்கத்தில் ஷில்லிங் ஒரு சிறு குழுவுடன், தம் நார்ட்டன் வண்டியிலேயே விமானத்தளம் தோறும் சென்று பொருத்தச் செய்தார். மார்ச் மாதத்திற்குள் வட்டுகள் பரவலாக இடம்பெற்றுவிட்டன. வான்போர் உச்சத்தில் இருந்த 1940 கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் அவை உதவவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அந்த வட்டுதான் அப்போரை வென்று தந்தது என்று சில நூல்கள் மகிழ்ந்து எழுதுவது காலக்கணக்கோடு பொருந்தாது.

முகாம்களில் அதற்கு வழங்கிய பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் துளை'. இருபொருள்பட வைத்த பெயர். தமிழ்த் தனிப்பாடல் மரபில் சிலேடை புலமைக்கு அடையாளம்; படைமுகாமில் அது வேறு வேலை செய்தது. உயிர் காத்த கருவியைப் பாராட்டிக்கொண்டே ஆக்கியவரை நகைப்புக்குரியவராக்கியது. அவர் 1938இலேயே மணமானவராதலால் 'மிஸ்' என்பதும் பிழை. போருக்குப் பின்னும் அதே நிலையத்தில் பல்லாண்டு ஆய்வு செய்து, 1990 நவம்பரில் மறைந்தார். கணக்கிட்டுப் பார்த்தால் அவருடைய பணிக்காலத்தில் அவ்வட்டு ஒரு சில மாதங்களின் வேலை.

வட்டின் ஆயுளும் நீண்டதன்று. 1943 முதல் மெர்லினின் புதிய வகைகளில், மிதவையை அறவே நீக்கி அழுத்தத்தால் பெட்ரோலைத் தெளிக்கும் அமெரிக்க பெண்டிக்ஸ்-ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் வந்தது. குளிர்ச்சியின் பயனும் நின்றது, விக்கலும் ஒழிந்தது. இரு கட்சிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எனலாம்.

போர் முடிந்தபின் இவ்வழக்கு சிறிய விமானங்களுக்கு இடம்பெயர்ந்தது. பைப்பர் கப், தொடக்கக்கால செஸ்னா 172, இந்தியப் பறப்புக் கழகங்கள் பயன்படுத்திய புஷ்பக் ஆகிய அனைத்தும் கார்புரேட்டர் விமானங்களே. இங்கு வீழ்த்துவது மூக்கின் தாழ்வன்று, பனிக்கட்டி. மெர்லினுக்கு ஆற்றல் தந்த அதே குளிர்ச்சிதான் இங்கே பகையாயிற்று. கழுத்தில் வெப்பநிலை முப்பது பாகைக்கு மேலும் சரியக்கூடும். ஆகவே காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே வெயில் காயும்போதும் உள்ளே பனிக்கட்டி படியும். பனியே காணாத கடற்கரை நாட்டு விமானிக்கும் இவ்விடர் உண்டு. தரையிறங்குவதற்காக விசையைக் குறைக்கும் வேளையில் இது மிகுதி.

இதற்கு மருந்து, வெளியேற்றக் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விடும் ஒரு கைப்பிடி. அதை இழுத்தவுடன் எஞ்சின் நலம்பெறுவதில்லை. சூடான காற்று நெகிழ்ந்தது ஆதலால் ஆற்றல் மேலும் குறைகிறது. உருகிய நீர் உள்ளே போகும்போது எஞ்சின் குலுங்கித் தடுமாறுகிறது. அஞ்சிய புதியவன் கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவான். பொறுத்திருந்தவனுக்கே எஞ்சின் மீளும். விபத்து நேர்ந்தபின் ஆராய வருவோர் எஞ்சினைப் பிரித்தால் குறை ஒன்றும் தென்படாது. சான்று அதற்குள் உருகிப் போயிருக்கும்.

உட்செலுத்தும் முறையில் இக்கழுத்துப் பனி இல்லை. சிலிண்டர்களுக்குள் பங்கீடும் சீரானது. செஸ்னா நிறுவனம் 1986இல் நிறுத்திய 172 விமானத்தை 1996இல் மீண்டும் கொணர்ந்தபோது, லைக்கமிங் நிறுவனத்தின் உட்செலுத்தும் எஞ்சினுடன்தான் கொணர்ந்தது. ஆனால் புவியீர்ப்பாலேயே பெட்ரோல் இறங்கிய பழைய எளிமை போயிற்று, மின்பம்பு வந்தது. நண்பகலில் சற்றே நிறுத்திவைத்த எஞ்சினின் மேலோடும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்ள, மீண்டும் கிளப்ப விமானி வியர்த்து நிற்கும் காட்சியும் உடன் வந்தது. நுண்துளைகளில் தூசி அடைக்கும் அச்சம் லெவவாசர் காலத்தது. வடிகட்டிகள் அதை அடக்கியுள்ளன, ஒழித்துவிடவில்லை. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம், தன் 912 எஞ்சினுக்கு 2012இல் மின்னணு உட்செலுத்தும் வடிவத்தை வெளியிட்டது. அதன்பின்னும் இரட்டைக் கார்புரேட்டர் வடிவத்தை அது கைவிடவில்லை. வாங்குவோர் இரண்டையும் கேட்டு வந்தனர்.