சீன ஏட்டில் யாகூத்

அல்லைப்பிட்டி மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு கிடைக்கும். 1977 இல் ஜோன் காஸ்வெல் என்ற ஆய்வாளர் அங்கு எடுத்தவை சோங் அரசர் காலத்தவை. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தினரும் வந்து அகழ்ந்தனர். நயினாதீவு அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு பராக்கிரமபாகு மன்னனுடையது (1153–1186). ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்கு அது காவல் சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபக் கப்பலென்றால் சரிபாதி.

பீங்கான் ஏற்றிவந்த கப்பல் சீனனுடையதா, அரபியுடையதா, தமிழனுடையதா என்பதை ஓடு சொல்லாது. ஆனால் சீனர் எழுதிவைத்த நூல்கள் ஓரளவு சொல்கின்றன.

1225 இல் 'சூ ஃபான் ஷி' என்ற நூலை எழுதிய ஜாவோ ருகுவா, சுவான்சோ துறைமுகத்தில் கடல் வாணிபத்துக்குப் பொறுப்பான அதிகாரி. பிறநாடுகளைப் பற்றி எழுதிய அவர் கடல் கடந்தவரல்லர். வந்திறங்கிய வணிகர்களைக் கேட்டே எழுதினார். அந்தச் சுவான்சோவில் 1009 இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அங்கே கிடைத்திருக்கிறது. வாய்ச்சொல் யாருடையது என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

மா ஹுவான் நேரில் வந்தவர். தளபதி செங் ஹோவைப் போல அவரும் முஸ்லிம். 1413 இல் மொழிபெயர்ப்பாளராகக் கப்பலேறினார். 'யிங்யாய் ஷெங்லான்' என்ற அவருடைய நூலில் இலங்கைக்கு ஒரு பகுதி உண்டு. சாணத்தைச் சுட்டு நீறாக்கி மக்கள் உடம்பிற் பூசுவதையும், சிப்பிகளைக் குளத்திற் கொட்டி அழுகவிட்டு அரசன் முத்தெடுப்பித்ததையும் அவர் விடாமல் குறித்திருக்கிறார். நம் பாவாதமலைக்கு வந்ததும் எழுத்து வேறாகிறது. மலைமேற் பாதச்சுவடு மனித குலத்தின் தந்தை 'ஆ-தான்' உடையது, அவரே சீனரின் பான்கு என்கிறார். ஆதம் (அலை) அவர்களைத் தம் நாட்டவருக்கு அறிமுகப்படுத்த அவர் கண்ட வழி அது. அம்மலையிற் கிடைக்கும் மணிகளை அவர் சிவப்பு 'யாகு', நீல 'யாகு', மஞ்சள் 'யாகு' என்று எழுதுகிறார். அது சீனச் சொல்லன்று. அரபியின் யாகூத்தேதான்! எனக்கு இந்த ஒரு சொல்லே போதும். துறைமுகத்தில் அவர் காதில் விழுந்த பேச்சு அதில் அப்படியே இருக்கிறது.

அந்தப் பேச்சு நமக்கும் அந்நியமன்று. 1344 இல் இப்னு பதூதாவை வரவேற்று, முத்தும் கொடுத்து, அதே மலைக்கு அனுப்பிவைத்த ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது. 1409 ஆம் ஆண்டு என்று பொறித்துச் செங் ஹோ கொண்டுவந்த கல் 1911 இல் காலியில் அகப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனம் புத்தரையும், தமிழ் தேனவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கையோ பெரும்பாலும் ஒன்றே, பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்குகிறது. இதை வைத்துச் சமாதானக் கதை மட்டும் சொல்லிவிட முடியாது. 1411 இல் அதே செங் ஹோ அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்.

கடல்வழியைக் கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா என்று நானும் பல ஆண்டு கரும்பலகையில் எழுதியவன். 1621 இல் தொகுக்கப்பட்ட 'வூ பெய் ஷி' என்ற போர்நூலில் செங் ஹோ காலத்துக் கடற்படம் இருக்கிறது. இலங்கையிலிருந்து சுமாத்திராவுக்குத் திரும்பும் வழிக்கென அதில் ஒரு தனி வெள்ளிப்படம். வெள்ளியின் உயரத்தை அளக்க அதிலுள்ள அலகு 'ஷி', அதாவது விரல். அரபு மாலுமிகளின் அலகு 'இஸ்பஃ'. அதுவும் விரல்தான்.

எங்கள் தீவிலிருந்து பார்த்தால் துருவ வெள்ளி ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை உயரத்தில் நிற்கும். முகில் இல்லாத ஓரிரவு பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய், கையை நீட்டி விரலால் அளக்கச் சொன்னேன். எனக்கு ஐந்தரை வந்தது. ஒரு பிள்ளை ஆறு என்றாள்.