வேர்ட்ஸ்டார்: விரல்கள் அறிந்த மென்பொருள்

வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச்செயலி மென்பொருள் இன்ன தேதியில் இறந்தது என்று சொல்ல முடியாது. அதன் நிறுவனம் 1994-இல் ஸ்பின்னக்கர், சாஃப்ட்கீ ஆகிய நிறுவனங்களோடு இணைந்து தன் பெயரை இழந்தது. அலுவலகங்கள் அதற்கு முன்பே அதைக் கைவிடத் தொடங்கியிருந்தன. நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் பலகைகளில் மட்டும் டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற வரிசையில் அது இன்னும் சில காலம் உயிரோடு இருந்தது. பிறகு ஒருநாள் பலகையை மாற்றி எழுதினார்கள். அவ்வளவுதான். அதற்கு முறையாக ஒரு இரங்கல் எழுதப்பட வேண்டும்.

ஐம்சாய் என்ற கணினி நிறுவனத்தில் விற்பனையைக் கவனித்துவந்த செய்மூர் ரூபின்ஸ்டைன் 1978-இல் கலிஃபோர்னியாவில் மைக்ரோப்ரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஐம்சாயிலிருந்து வந்த ராப் பார்னபி, வேர்ட்ஸ்டாரை அசெம்பிளி மொழியில் எழுதினார். அன்றைய கணினிகளின் நினைவகம் கிலோபைட்டில் அளக்கப்பட்டது; பல கீபோர்டுகளில் அம்புக்குறி விசைகளே கிடையாது. கர்சரை எப்படி நகர்த்துவது?

பார்னபி தந்த விடை இன்றும் என்னை வியக்க வைக்கிறது. இடது கைச் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொள்ளும். இ என்றால் மேலே, எக்ஸ் என்றால் கீழே, எஸ் இடப்பக்கம், டி வலப்பக்கம். கீபோர்டைப் பாருங்கள், நான்கும் ஒரு வைரத்தின் நான்கு முனைகளாக நிற்கும். அதற்கு வெளியே ஏ ஒரு சொல் இடப்பக்கம், எஃப் ஒரு சொல் வலப்பக்கம். ஜி ஒரு எழுத்தை அழிக்கும், டீ (T) ஒரு சொல்லை அழிக்கும், ஒய் ஒரு வரியையே அழிக்கும். கை ஒருபோதும் தன் இடத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. அன்று கன்ட்ரோல் விசை, இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில், ஏ-வுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்பதை நினைவில் வைத்தால்தான் இதன் அருமை புரியும்.

இன்னொரு நுணுக்கம். கன்ட்ரோல் கே அழுத்திவிட்டு அடுத்த விசை ஞாபகம் வராமல் தயங்கினால், ஒரு கணம் பொறுத்து அதற்கான பட்டியல் திரையின் மேலே விரியும். தயங்காமல் கே, பி என்று தட்டினால் பட்டியல் வராது, வேலை மட்டும் நடக்கும். புதியவரையும் பழகியவரையும் ஒரே மென்பொருள், வேறெந்த அமைப்பையும் மாற்றாமல், அவரவர் வேகத்துக்கு ஏற்ப நடத்தியது. இன்றைய அலுவலக மென்பொருள்கள் திரை முழுக்கப் பொத்தான்களை நிரப்பியும் இந்த மரியாதையைத் தரவில்லை.

தமிழ்நாட்டில் அது வேர்விட்டதற்குக் காரணமும் விரல்களை மதித்த இந்த வடிவமைப்பே என்று நினைக்கிறேன். இங்கே தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. லோயர், ஹையர் பாஸ் செய்த பெண்களும் ஆண்களும் கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பவர்கள். அவர்கள் விரல்கள் ஏற்கெனவே கற்றிருந்ததை வேர்ட்ஸ்டார் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஜாப் டைப்பிங் கடைகளில் மனுவையும் ஒப்பந்தத்தையும் அடித்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுத்து, கன்ட்ரோல் கே டி போட்டு மூடிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்கள். ஒரு பிழைக்காக முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை என்பது டைப்பிஸ்டுக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

டைப்பிஸ்டுகள் மட்டுமல்ல, எழுத்தாளர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். கொழும்பில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1982-இல் வெளிவந்த தன் '2010: ஒடிஸி டூ' நாவலை வேர்ட்ஸ்டாரில்தான் எழுதினார். முழு நாவலும் ஒரே ஃப்ளாப்பியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரைநிலையத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பறந்தன. செயற்கைக்கோள்கள் மூலம் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே கட்டுரை எழுதியவர் அவர்.

வேர்ட்ஸ்டாரைக் கொன்றது மைக்ரோசாஃப்ட் வேர்ட், வேர்ட்பெர்ஃபெக்ட் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவை வேகமாக வளர்ந்தது உண்மை. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 காலத்துக்கு வேர்ட்ஸ்டார் தயாராக இல்லை என்பதும் உண்மை. ஆனால் முதல் காயம் சொந்த வீட்டில் பட்டது. 1984-இன் இறுதியில் மைக்ரோப்ரோ 'வேர்ட்ஸ்டார் 2000' என்ற புதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. பெயர் பழையது, கட்டளைகள் வேறு, கோப்பு வடிவமும் வேறு. விரல்களில் ஏறியிருந்த பழக்கம்தான் தன் சொத்து என்பதை அந்த நிறுவனம் உணரவில்லை. எப்படியும் புதிதாகக் கற்கத்தான் வேண்டும் என்றால், வேறு கடைக்கே போகலாமே என்று வாடிக்கையாளர் நினைத்ததில் தவறில்லை. பழைய வேர்ட்ஸ்டாரோ ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. வெளியேறிய ஊழியர்கள் அதே கட்டளைகளோடு நியூவேர்ட் என்று ஒன்றைச் செய்து விற்றார்கள். கடைசியில் மைக்ரோப்ரோ அந்த நிறுவனத்தையே வாங்கி, நியூவேர்டை அடிப்படையாக வைத்து 1987-இல் வேர்ட்ஸ்டார் 4-ஐ வெளியிட்டது. நல்ல பதிப்பு. காலம்தான் கடந்துவிட்டது.

இன்று ஓர் அலுவலகத்துக்கோ பத்திரிகைக்கோ மென்பொருள் தேர்வு செய்பவர்கள் வசதிகளின் அட்டவணையை வைத்துக்கொண்டு டிக் அடிக்கிறார்கள். இதில் வேலை செய்யப்போகிறவரின் கை என்ன கற்றிருக்கிறது, உள்ளே போட்டதை நாளை வெளியே எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளும் அந்த அட்டவணையில் பெரும்பாலும் இருப்பதில்லை. வேர்ட்ஸ்டார் முதல் கேள்விக்கு மிகச் சிறந்த விடை. இரண்டாவதில் அதற்கும் குறை உண்டு: ஆவணத்தில் பல சொற்களின் கடைசி எழுத்தை அது தனக்கு மட்டுமே புரியும் முறையில் குறித்துவைக்கும், அதனால் வேறு மென்பொருளில் திறந்தால் சொல்லுக்குச் சொல் வால் சிதைந்து தெரியும்.

அதன் விசைகள் அதைவிட அதிக காலம் வாழ்ந்தன. 1983-இல் வந்த டர்போ பாஸ்கல் அவற்றை எடுத்துக்கொண்டது, பின்னால் டர்போ சி-யும். நம் பொறியியல் கல்லூரி லேப்களில் கே பி, கே கே என்று பகுதியைக் குறித்த மாணவர்கள் பலர் வேர்ட்ஸ்டாரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் நாவல்களை வேர்ட்ஸ்டார் 4-இல், டாஸ் கணினியில் எழுதுவதாகச் சொன்னார். கனடிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் 2024-இல், வேர்ட்ஸ்டாரின் கடைசி டாஸ் பதிப்பான 7-ஐக் கையேடுகளோடு தொகுத்து, இன்றைய கணினிகளில் ஓடும்படி செய்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அதை உருவாக்கிய நிறுவனமும், பிறகு கைமாற்றி வாங்கியவர்களும் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதில் எழுதிப் பிழைத்த ஒருவர் செய்தார்.