அஞ்சும் நாய்க்கு வைத்தியம் பிறந்த கதை

1924 செப்டம்பர் 23. லெனின்கிராடில் நேவா ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுகளில் அடைபட்டிருந்தன. தண்ணீர் கூண்டின் மேல்தட்டை நெருங்க, மூக்கை மட்டும் மேலே நீட்டியபடி அவை நீந்தின. கதவோ கீழே இருந்தது. மீட்க வந்தவர்கள் ஒவ்வொரு நாயின் தலையையும் நீருக்குள் அமுக்கி, அந்த வழியாகத்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

2006 டிசம்பரிலும் அடுத்த மாதமே மறுபடியும் கோத்தா திங்கி மூழ்கியதைப் பார்த்த ஜொகூர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பியவர்களுக்கும் தெரியும். வெள்ளம் வடிந்து சேற்றைக் கழுவியாகிவிடும். ஆனால் அதில் சங்கிலியோடு தவித்த நாய், பிறகு கிட்டே வருகிறவர்களை எல்லாம் கடிக்கப் பாய்ந்தால், "இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

பாவ்லோவ் அப்படிச் சொல்லவில்லை. உயிர் பிழைத்த நாய்களில் சில, மாதக்கணக்கில் கற்றதை மறந்துபோயிருந்தன. பழகிய அறையிலேயே நடுங்கின, நீட்டிய உணவைத் தொடவில்லை. ஒரு நாயின் பக்கத்தில், அதற்குப் பழக்கமான ஆய்வாளர் வந்து உட்கார்ந்தார். மறந்தது திரும்பியது. அவர் வெளியே போனதும் மறுபடி மறைந்தது. அவருடைய உடுப்பைக் கண்ணில் படாமல் அறைக்குள் வைத்தபோதுகூடச் சிறிது தேறியது. பின்னொரு நாள் கதவின் அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். தேறியதெல்லாம் போய், பழைய நடுக்கம் அப்படியே வந்துவிட்டது. பயம் அழிவதில்லை, அடங்கியிருக்கிறது. நம்பிக்கையான துணை இருந்தால் தணிகிறது. இன்றைய வைத்தியத்தின் அஸ்திவாரம் இந்த இரண்டும்தான்.

அதே 1924-இல் நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனைப் பற்றி எழுதினார். குழந்தை பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, முயல் கூண்டை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். அழாத தூரம் எதுவோ அதுவே ஆரம்பம். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். பிறகு தென்னாப்பிரிக்காவில், போரில் மனம் கலங்கிய வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோசஃப் வோல்பி, பூனைகளிடம் சோதித்து இந்த வழியை முறைப்படுத்தி 1958-இல் நூலாக்கினார். மனிதர்களின் பீதிக்கு அது மருத்துவமாயிற்று.

நாய்களின் தவிப்பிலிருந்து தொடங்கிய அறிவு மனிதருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாய்களுக்குத் திரும்பி வர ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. 1974-இல்தான் அமெரிக்காவில் டூபர், ஹாதர்சால் என்ற உளவியலாளர்களும் விக்டோரியா வாய்த் என்ற கால்நடை மருத்துவரும் சேர்ந்து, மனிதருக்குச் செய்வதை விலங்குக்கும் செய்யலாம் என்று எழுதினார்கள். இடிக்கு நடுங்கும் நாய்க்கு, பதிவு செய்த இடியோசையை மிக மெதுவாகப் போட்டு, அது அமைதியாக இருக்க இருக்க ஒலியைக் கூட்டுவது அவர்கள் காட்டிய வழிகளில் ஒன்று. 1993-இல் நடத்தை மருத்துவம் அங்கே தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது.

இடையில் பெரும் கேடு செய்த ஒரு கருத்தும் வேர்விட்டது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் 1947-இல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து, தலைமைக்கு அவை சண்டையிடுகின்றன என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்குவது பயிற்சி என்றாயிற்று. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் தெளிவாக்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 140 வளர்ப்பாளர்களிடம் கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேரிடம் நாய் திருப்பிச் சீறியிருந்தது. அதைவிட என்ன சான்று வேண்டும்?

ஒரு தாமான் வீட்டு கேட்டில் இந்த வைத்தியம் எப்படி நடக்கும்? மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பாயும் நாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கால்நடை மருத்துவர் காது, பல், மூட்டு எல்லாவற்றையும் பார்ப்பார். வலிதான் பல சீற்றங்களுக்குக் காரணம். பிறகு, வண்டியைக் கண்டும் நாய் உடலை விறைக்காத தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, இவையெல்லாம் உறுமலுக்கு முந்திய முறையீடுகள். வண்டி தெரிந்த மறுநொடி அவித்த கோழித் துண்டு. வண்டி போனால் கோழியும் நின்றுவிடும். வரிசை மாறக் கூடாது. முதலில் வண்டி, பிறகு கோழி. அப்போதுதான் வண்டி நல்ல சேதி ஆகும். உறுமினால் அதட்டக் கூடாது. உறுமலை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை போய்விடும், பயம் அப்படியே இருக்கும். அந்த நாய் பிறகு சத்தமில்லாமல் கடிக்கும். வாய்க்கூடு போடுவதானால், மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடைவகைதான் சரி. நம் வெயிலில் வாயை இறுக்கிக் கட்டுவது ஆபத்து.

பயம் முற்றியிருந்தால் பயிற்சி மட்டும் ஏறாது. தனிமைத் தவிப்புக்கு க்ளோமிப்ரமின் 1998-இலும் ஃப்ளூயாக்ஸெடின் 2007-இலும் அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதிக்கப்பட்டன. இவை மயக்கி வைக்கும் மருந்துகள் அல்ல. வாரக்கணக்கில் கொடுத்து மனத்தை நிதானத்துக்குக் கொண்டுவந்தால்தான் நாய் கற்கத் தொடங்கும். மருத்துவர் எழுதித் தராமல் நாமாகக் கொடுக்கவே கூடாது.

மலேசியாவில் 2015 விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடித்துத் திருத்துவேன் என்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

தீபாவளி வெடிக்கும் சீனப் பெருநாள் வெடிக்கும் கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாய் உங்கள் வீட்டில் இருந்தால், பெருநாளுக்கு முந்திய வாரம் மருத்துவரைத் தேடாதீர்கள். சில மாதங்களுக்கு முன்பே போங்கள். நாய் நடுங்குவதை, உறுமுவதைக் கைப்பேசியில் பிடித்துக் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் அது வேறு நாயாக உறைந்து நிற்கும். மருத்துவருக்குத் தேவை வீட்டில் இருக்கும் நாய்.