கிட்டிக்கோலும் 'கிரசென்ட்'டும்

வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே 1806-ல் சென்னையில் பிறந்தவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. குடும்பத் தொழில் அவுரி, துணி வியாபாரம். அதில் சேர்ந்த பணத்தை அவர் கொண்டுபோய்க் கொட்டியது அச்சுக்கூடத்தில்.

'நேட்டிவ் சர்க்குலேட்டர்' என்ற பத்திரிகையை விலைக்கு வாங்கி, 1844 அக்டோபரில் 'கிரசென்ட்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார். ஆசிரியர் எட்வர்ட் ஹார்லி, வெள்ளைக்காரர். அப்படியும் கம்பெனி சர்க்காருக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகை வருவதாக ஓர் அறிவிப்பைக்கூடத் தன் கெஜட்டில் போட மறுத்துவிட்டது.

1852-ல் சென்னை சுதேசி சங்கம் தொடங்கி, மாகாணத்தின் குறைகளை மனுவாக எழுதி லண்டன் பார்லிமென்டுக்கு அனுப்பினார்கள். அதில் முக்கியமானது குடியானவர் பாடு. நம் வடாற்காட்டையும் சேர்த்து மாகாணமெங்கும் அப்போது தாசில்தாரிடமே வரி வசூல், அவரிடமே போலீஸ் அதிகாரம். அடிப்பவனிடமே போய் அடித்தான் என்று புகார் சொல்ல வேண்டும்! கிஸ்தி பாக்கி வைத்தவன் விரல்களைக் கிட்டிக்கோல் இடுக்கில் வைத்து நெரிப்பார்கள். இல்லாவிட்டால் அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடி வெயிலில் நிறுத்திவிடுவது.

1853-ல் டான்பி சீமோர் என்ற பார்லிமென்ட் உறுப்பினர் இங்கே வந்தார். செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப் போய், குடியானவர்கள் வாயாலேயே கேட்க வைத்தார். என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். சீமோர் திரும்பிப் போய்ச் சபையில் பேச, 1854-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. மறு ஆண்டு வந்த அறிக்கை, நடந்தது உண்மை என்றது. 1857-ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகையில் இந்தச் சித்திரவதைகளைப் பற்றி எழுதினார். 1859-ல் வந்த போலீஸ் சட்டம் வசூலையும் போலீசையும் பிரித்தது.

பிற்பாடு சர்க்காரே அவருக்கு சி.எஸ்.ஐ. பட்டம் கொடுத்தது, சட்டசபையிலும் நியமித்தது. கைப்பணம் மட்டும் மிஞ்சவில்லை. 1868-ல் அவர் ஏழையாகத்தான் இறந்தார். 'இந்து' பத்திரிகை பிறந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயிலையும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.